உன் அறைச் சுவரும் ஓர் அங்குலமும்

அன்புள்ள சிட்டுவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் சுகம். அவருக்கு முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் முனகுகிறது, மற்றபடி வாய் உட்பட எல்லாம் நன்றாக வேலை செய்கிறது. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், சளி கிளி இருந்தாலும் இதைப் படித்துச் சிரித்தே சரியாகிவிடுங்கள். போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் நான் வாயைத் திறந்ததுமே அப்பா போனைப் பிடுங்கித் தன் கட்சியைப் பேச ஆரம்பித்துவிடுவார், அதனால்தான் காகிதம். எனக்குத் தலைகால் புரியவில்லையடி. விஷயம் இதுதான், என் தையல் அறைக்கும் உன் அறைக்கும் நடுவில் இருக்கும் சுவரை எடுத்துவிடலாமா என்று உன்னைக் கேட்க வேண்டும். உடனே முகத்தைச் சுளிக்காதே, முழுக்கப் படி.

போன மாதம் நாடக அரங்கில் ஆட்டம் தொடங்கக் கால் மணி நேரம் இருக்கும்போது திரை கிழிந்துபோய், மேலாளர் வேர்த்து விறுவிறுத்து நம் வீட்டுக்கு ஓடிவந்தார். நான் ஊசியும் நூலுமாகப் போய் மேடையில் முழங்காலிட்டு, கடைசித் தையலின் நூலைப் பல்லால் கடித்து நான் எழுந்திருக்கவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. அந்த மனுஷர் அதை மறக்கவில்லை. போன வாரம் வந்து, "புதுத் திரையே நீங்கதாம்மா தைக்கணும், வேற யார்கிட்டயும் நான் போகமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். சிவப்பு வெல்வெட், இருபத்து மூன்று அடி உயரம்! முப்பது வருஷமாக அடுத்தவர் கால்சட்டைக்கு விளிம்பு மடித்து, ஜிப் மாற்றி, கிழிந்த பைக்குக் காது வைத்த கையடி இது. எனக்கு ஒரு நாளாவது முழுசாக, பெரிசாக, ஊரே பார்க்கிற மாதிரி ஒன்று தைக்க வேண்டும் என்று ஆசை இருந்தது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆனால் அதை மடக்காமல் நீட்டி விரித்து வெட்ட இடம் வேண்டுமே. மொட்டை மாடியில் விரிக்கலாம் என்று அப்பா யோசனை சொன்னார், வெல்வெட்டில் காக்காய் கையெழுத்துப் போட்டால் யார் பொறுப்பு என்று கேட்டேன்.

சுவரை எடுக்கலாம் என்று நான் சொன்னதும் அவர் குதித்ததைப் பார்க்க வேண்டுமே, முழங்கால் வலி எங்கே போனதென்றே தெரியவில்லை. கூரை தலையில் விழும் என்றார். கொத்தனாரை வரவழைத்தேன், அவர் இரண்டு பக்கமும் தட்டிப் பார்த்து, "இதுமேல எந்தப் பாரமும் இல்லம்மா, சும்மாதான் நிக்குது" என்று சொல்லிவிட்டார். அப்பா விடுவாரா, "சும்மா நின்னா நிக்கட்டுமே, நீ என்ன அதுக்குச் சோறா போடுறே?" என்று என்னிடம் பாய்ந்தார். கொத்தனார் சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். சரி, முதலில் அளந்தாவது பார்ப்போம் என்று கழுத்தில் கிடந்த நாடாவை எடுத்து இரண்டு அறையையும் சுவரின் கனத்தையும் சேர்த்து அளந்தேன். இருபத்திரண்டு அடி பதினோரு அங்குலம். திரும்ப அளந்தேன், அதேதான். ஓர் அங்குலம் குறைகிறது! வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அந்த ஓர் அங்குலத்துக்காக உட்கார்ந்து அழுதேன். மதியம் சாப்பிடவும் இல்லை.

நான் சாப்பிடாமல் படுத்தால் உன் அப்பாவுக்குப் பொறுக்காது என்பதுதான் உனக்குத் தெரியுமே. சாயங்காலம் பரணிலிருந்து அவருடைய பழைய இரும்பு டேப்பை இறக்கிக்கொண்டு வந்து, தரையில் தவழ்ந்து தவழ்ந்து அளந்தார். இருபத்து மூன்றரை அடி! எனக்கு நம்பிக்கையில்லை, என் நாடாவை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அறுபது அங்குல நாடா இழுபட்டு இழுபட்டு ஒன்றரை அங்குலம் நீண்டுபோய்க் கிடக்கிறது. இத்தனை வருஷமாக உடம்பையும் அதாலேயே அளந்து துணியையும் அதாலேயே அளந்ததால் எல்லார் சட்டையும் கச்சிதமாக இருந்திருக்கிறது, ஒருவருக்கும் தெரியவில்லை. நான் அவரை ஒரு பார்வை பார்த்தேன். ஊரில் ஒரு கடை விடாமல் போய்த் தராசையும் படிக்கல்லையும் சோதித்து, கால் கிராம் குறைந்தாலும் பறிமுதல் செய்த அதிகாரி, சொந்தப் பெண்டாட்டி கழுத்தில் தொங்கிய கள்ள அளவை முப்பது வருஷம் கவனிக்கவில்லை! "இதுக்கு மட்டும் நான் சோதனை போடலியே" என்று தலையைச் சொறிந்தார் பார், நான் சிரித்த சிரிப்பில் விக்கல் வந்து, அவர் எனக்குத் தண்ணீர் கொடுக்க வந்து, அவரும் சிரித்து, தண்ணீர் பாதி என் மேல் கொட்டிவிட்டது.

அப்புறம் சிரிப்பெல்லாம் அடங்கிய பிறகுதான் மெதுவாகச் சொன்னார், "எல்லாம் சரி, ஆனா அவ ரூம் போயிடுமே. இந்த வீட்டுல தனக்கு இடம் இல்லன்னு புள்ள நெனச்சிட்டா?" கூரை, தூசி என்று அவர் இத்தனை நாள் சுற்றி வளைத்ததெல்லாம் இதற்குத்தான். உன் அறையில் போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். உன் பள்ளிக்கூட மேஜை, உள்ளே உலர்ந்துபோன பேனாக்கள், வாராவாரம் நான் துவைத்து நீ படுக்காத விரிப்பு. உனக்காகத்தான் வைத்திருக்கிறேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் நீ அங்கேயே வேரூன்றிவிட்டாய், இனி இங்கே குடியிருக்க வரமாட்டாய் என்பதை எனக்கு நானே சொல்லிக்கொள்ளப் பயந்துதான் அந்தக் கதவைச் சாத்தி வைத்திருந்தேன். இப்போது சொல்லிவிட்டேன், கொஞ்சம் அழுகை வந்தது, அப்புறம் பசி வந்தது. நீ வந்தால் அத்தனை பெரிய அறையும் உனக்குத்தான், எந்த மூலையில் வேண்டுமானாலும் உருளு.

மேலாளருக்கு மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். நீ வேண்டாம் என்றால் நான் திரை தைக்கவில்லை, அது சத்தியம், ஒரு மாதம் உன்னோடு பேசமாட்டேன் என்பதும் சத்தியம். கடிதம் கிடைத்த அன்றே போன் செய், அப்பா எடுத்தால் என்னிடம் கொடுக்கச் சொல். வேளைக்குச் சாப்பிடு, தலையை ஈரத்தோடு கட்டாதே, மாப்பிள்ளையை ரொம்ப விரட்டாதே. இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், வாய் ஓயாமல் சிரித்துக்கொண்டு நீண்ட காலம் இருக்க வேண்டும், அதுதான் எங்கள் ஆசீர்வாதம்.

எதையும் உன்னிடம் மறைக்கக் கூடாது, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். இன்று காலை தட்டுகிற சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தால் அப்பா உளியும் சுத்தியலுமாக நிற்கிறார், உன் கட்டிலை மூடி என் பழைய சேலை. "ஒண்ணே ஒண்ணுதான் எடுத்தேன், உள்ள எப்படி இருக்குன்னு பாக்க" என்றார், தலையெல்லாம் வெள்ளைத் தூசி. நான் அந்தப் பக்கம் போய் ஓட்டை வழியாகப் பார்த்தேன், அவரும் பார்த்தார், இரண்டு பேரும் அப்படியே நின்றுகொண்டிருந்தோம். ஒரே ஒரு செங்கல்தான் சிட்டு, உடையக்கூட இல்லை, அப்பா துடைத்து உன் மேஜை மேல் பத்திரமாக வைத்திருக்கிறார், நீ வேண்டாம் என்றால் திரும்ப வைத்துப் பூசிவிடலாம். வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதேயடி.

உன் போனுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்,
அம்மா