கோழிக்கு ஏறிய ரத்தம்

12.6.2012, திண்டிவனம்
இல்லை, குளத்துப் பாசி வேறு, இது வேறு. எத்தனை முறை சொல்வது? அதில் விஷப்பாசியும் இருக்கும். இது சுருள்பாசி, ஸ்பைருலினா. பொம்மையார்பாளையத்துப் பக்கம் சுத்தமான தொட்டியில் வளர்த்து, பரிசோதித்து, காயவைத்த தூள். புரதம், இரும்புச்சத்து.
அம்மா முகர்ந்தாள். "தவள நாத்தம் அடிக்குது."
அவளுக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏழரை. பத்தைத் தொட்டால்தான் கர்ப்பப்பைக் கட்டிக்கு ஆபரேஷன்.
"ஏழரையா? நம்பரே வெளங்கல."

13.6
டாக்டர் தேவயானி: "வேற மாத்திரை எதுனா சாப்பிடறாங்களா? கேக்காம ஆரம்பிக்கக் கூடாது. தூள் சத்துணவுதாம்மா, மருந்தில்ல. தினம் ஒரு சின்ன ஸ்பூன் போதும். இரும்பு மாத்திரைய மட்டும் நிறுத்தாதீங்க."

14.6
கேப்பைக்கூழில் கலந்தேன். கூழ் பச்சையானது.
"வெச்சிட்டுப் போடி, குடிச்சிக்கிறேன்."

2.7
கிண்ணம் தினமும் காலி. அறிவியல் வென்றது.

9.7
பக்கத்து வீட்டு அம்மணி அக்கா எங்கள் கோழி முட்டையை உடைத்துவிட்டு அம்மாவைப் பார்த்துக் கத்தினாள். "அம்சா, உங்கோழி இன்னாத்த தின்னுது? கரு குங்குமமாட்டம் கீது!"
அம்மா அவசரமாக உள்ளே போனாள்.
கறிவேப்பிலைச் செடியிலும் எப்போதுமில்லாத தழைப்பு. மழையாக இருக்கும்.

16.7
பரிசோதனை. ஏழரை. அசையவே இல்லை.
தூளைச் சந்தேகித்தேன். ஆய்வகத்தை. என் அறிவியல் பட்டத்தை.

17.7
பஸ்ஸைத் தவறவிட்டுத் திரும்பினேன். கொல்லையில் அம்மா. கிண்ணத்துக்குள் கோழியின் தலை. நிமிர்ந்தது — அலகு பச்சை. அம்மா கறிவேப்பிலை அடியில் குழி பறித்து இரும்பு மாத்திரையைப் புதைத்துக்கொண்டிருந்தாள்.
ஏம்மா?
"ரத்தம் ஏறிச்சின்னா அறுத்துடுவாங்க இல்ல?"
சிரித்தேன். பிறகு முடியவில்லை. ஒரு மாதமாகப் பாசியைப் பற்றியே பேசியிருக்கிறேன். பயமா என்று ஒருமுறை கேட்டேனா?
"ஆபரேஷன் ரூம் கதவாண்டயே இருப்பேம்மா. எங்கயும் போமாட்டேன்."
"டீ குடிக்கக்கூட?"
"டீ குடிக்கக்கூட."
குழியிலிருந்து எடுக்கப் போனாள். அதை விடச் சொல்லி, புதிய மாத்திரை ஒன்றைக் கொடுத்தேன். கோழியை முறைத்துக்கொண்டே விழுங்கினாள்.

20.8
ஒன்பது. கருவின் நிறம் வெளுத்துவிட்டதாக அம்மணி அக்காவுக்கு வருத்தம்.

7.9, விழுப்புரம்
ரத்தம் பத்தேகால் ஆனது. நேற்று ஆபரேஷன் முடிந்தது. டீ குடிக்கவில்லை.
மயக்கம் தெளிந்ததும் அம்மா கேட்டது: "கோழிக்குக் கூழ் வெச்சியா?"
அம்மணி அக்காவுக்குப் போன் செய்தேன். பச்சைக் கூழாகவே வைக்கச் சொன்னேன்.