சீசன் நேரத்து மழை

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். எம். புதுப்பட்டியில் ஐந்து நாளாக மழை. வெடி காயவில்லை என்று தீபாவளி சீசனிலேயே பட்டாசுக் கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள். "வேலையில்லாம உக்காந்திருக்கோம், நீ என்னத்துக்குச் சிரிக்கிற?" என்கிறார் என் வீட்டுக்காரர்.

உன் மானாவாரிக் காட்டில் குதிரைவாலி முளைத்துவிட்டதாக மதினி சொன்னார்கள்.

வருஷா வருஷம் இருக்கன்குடி மாரியம்மனிடம் நீ மழை கேட்பாய், நான் வெயில் கேட்பேன். மூன்று வருஷமாக அவள் என் பக்கம்தான். விதைத்ததெல்லாம் கருகி, தையில் நீ எனக்குக் கொண்டுவரும் குதிரைவாலி மூட்டை நின்றது. நீயும் வருவதை நிறுத்திவிட்டாய். பருவம் தப்பியதற்கு நீயா பொறுப்பு?

இந்த ஆடியில் நானும் மழைதான் கேட்டேன். அவரிடம் சொல்லிவிடாதே.

தையில் மூட்டையோடு வா. மூட்டை இல்லாவிட்டாலும் வா.

உன் தங்கச்சி