எழுந்து போகும்போது வரும் வார்த்தை

ஜூலை 6, ஞாயிறு

விடியலிலிருந்து மழை. ஆராதனைக்குப் போகிற வழியெல்லாம் சேறு. இந்த லட்சணத்தில் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு போன என் புத்தியை என்ன சொல்ல. கறை போகவில்லை. நாளைக்கு இன்னொரு தடவை ஊறவைக்கணும்.

சாட்சி நேரத்தில் செல்வராணி எழுந்தாள். மேல் லயத்து வரிசை வீட்டு ராஜுவின் பெண்டாட்டி. முப்பத்துநாலு வயது, பிள்ளை இல்லை, கல்யாணமான வருஷத்திலிருந்து வலிப்பு. மைக்கைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "எஸ்தர் சித்தி எனக்கு ஜெபம் பண்ணி வார்த்தை சொன்னாக. அன்னைக்கே மாத்திரய நிறுத்திட்டேன். ஆறு வாரமாச்சு. ஒரு தடவகூட வரல."

கை தட்டினார்கள். நானும் தட்டினேன். என்னைப் பற்றிச் சொன்னதற்கு நானே தட்டியிருக்கிறேன், வெட்கங்கெட்டவள்.

மதியம் வீட்டுக்கு ஐந்து பேர். மூட்டு வலி, மகளுக்கு வரன், இடம் மாற்றம், மறுபடி மூட்டு வலி, ஒருத்தி சும்மா. ஜெபித்து எண்ணெய் தடவி, போகுமுன் கண்ணை மூடி, கர்த்தர் சொன்னதென்று ஆளுக்கொரு வார்த்தை சொன்னேன். அதற்குத்தான் வருகிறார்கள். டீத்தூள் தீர்ந்துவிட்டது. டீத்தோட்டத்துக்குள்ளேயே குடியிருந்துகொண்டு டீத்தூள் இல்லை!

ஜென்சி திருப்பூரிலிருந்து பேசினாள். நாலு நிமிஷம். சூப்பர்வைசர் வேலை கிடைக்குமா என்று கர்த்தர் ஏதாவது காட்டினாரா என்று கேட்டாள். மகளும் வார்த்தைக்குத்தான் கூப்பிடுகிறாள்.

எல்லாரும் போனபிறகு பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. மாத்திரையை நிறுத்து என்று நான் சொல்லவே இல்லையே. "இனி இது உன்னைத் தொடாது" என்றுதான் சொன்னேன். இரண்டும் வேறு வேறா?

ஜூலை 7, திங்கள்

மழை விட்டு விட்டு. பிளாஸ்டிக் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு கொழுந்து. செல்வராணி எனக்கு மேல் வரிசை. அந்தப் பக்கம் பாறை, கீழே ஓடை. அங்கே நின்று ஒருத்திக்கு வலிப்பு வந்தால் என்ன ஆகும் என்று யோசித்ததும் கண் அவளை விட்டு நகரவில்லை.

பத்து மணி போல அவள் அசையாமல் நின்றாள். கை அப்படியே, பார்வை அப்படியே. நான் சாக்கைப் போட்டுவிட்டு மேலே ஓடினேன். வழுக்கி முட்டியைப் பெயர்த்துக்கொண்டேன். அவள் போனில் டவர் கிடைக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

எடை போடும்போது என் கொழுந்துதான் குறைவு. பக்கத்து வரிசை கனகு சிரித்தாள். "என்ன எஸ்தரு, இன்னைக்குக் கொழுந்தக் கிள்ளுனியா, செல்வராணி மூஞ்சியப் பாத்துக்கிட்டே நின்னியா?" கனகு கோயிலுக்குப் போகிறவள். என் ஜெபத்துக்கு வந்ததில்லை. முப்பது வருஷமாக என்னோடு கொழுந்து எடுக்கிறாள்.

முட்டிக்குத் தைலம்.

ஜூலை 8, செவ்வாய்

வேலை விட்டு வந்ததும் ஜெப நோட்டை எடுத்தேன். யார் வந்தார்கள், என்ன குறை, என்ன வார்த்தை என்று எழுதிவைக்கிற நோட்டு. மே 25, ஞாயிறு. என் கையெழுத்துதான்:

"செல்வராணி. வலிப்பு. ஜெபம், எண்ணெய். எழுந்தாள். வார்த்தை வந்தது. உட்கார்ந்தாள்."

அந்தச் சாயங்காலம் ஞாபகம் இருக்கிறது. எல்லாம் முடிந்து, உலை வைக்கணும் சித்தி என்று எழுந்தாள். மணி நாலு. அப்புறம் அடுத்த ஞாயிறு வரை யாரும் வரப்போவதில்லை. அப்போதுதான் வார்த்தை வந்தது. அவள் அழுதுகொண்டே மறுபடி உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் இருந்தாள். டீ குடித்தாள். அவள் கல்யாணக் கதை, என் கல்யாணக் கதை. அன்றைக்கு நான் நன்றாகத் தூங்கினேன்.

பக்கத்தைத் திருப்பினேன். "புறப்பட்டாள். வார்த்தை வந்தது." இன்னொரு பக்கம். "செருப்புப் போடும்போது வார்த்தை." "மழை விட்டது, கிளம்பினார்கள், வார்த்தை."

உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு வார்த்தை வந்ததாக ஒரு பக்கம்கூட இல்லை. வாசல் வரை போனவர்களுக்குத்தான்.

இதை எழுத ஐந்து தடவை பேனாவைக் கீழே வைத்தேன். சோறு பொங்கவில்லை. முறுக்கு இரண்டு.

ஜூலை 9, புதன்

ரெட் அலர்ட். பள்ளிக்கூடத்துக்கு லீவு. எங்களுக்கு அரைநாளோடு விட்டார்கள்.

பாஸ்டருக்குப் போன் போட்டேன். கர்த்தர் சத்தம் எது, நம் சத்தம் எது என்று எப்படிப் பகுத்தறிவது என்று கேட்டேன். சின்ன வயசுக்காரர், நல்ல பிள்ளை. எங்கோ வண்டியில் போய்க்கொண்டிருந்தார். "உங்களுக்கா சித்தி சந்தேகம்? நீங்க எங்களுக்குச் சொல்லித்தரணும்" என்று சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை பேசுவோம் என்கிறதற்குள் லைன் போய்விட்டது.

கதவைச் சாத்தி முழங்கால் போட்டேன், முட்டி வலியோடு. ஆண்டவரே, அது நீர் சொன்னதா நான் சொன்னதா, ஒரே ஒரு வார்த்தை சொல்லும் என்றேன். ரொம்ப நேரம். ஒன்றும் இல்லை. தகரத்தில் மழைச் சத்தம். பக்கத்து வீட்டு டிவி.

அப்புறம்தான் புரிந்தது. எதிரே ஆள் இல்லாத நேரத்தில் எனக்கு வார்த்தை வந்ததே இல்லை. ஜென்சியின் அப்பா இறந்து ஆறு வருஷம். இந்த ஆறு வருஷத்தில் எனக்கென்று ஒரு வார்த்தைகூட வந்ததில்லை. அதை நான் கவனிக்கவும் இல்லை.

பயமாக இருக்கிறது. எல்லாமே நான்தானா? ஆண்டவர் ஒரு தடவையாவது பேசியிருப்பார் இல்லையா? எதை வைத்துப் பிரிப்பேன்?

ஜூலை 10, வியாழன்

போய்ச் சொல்லிவிட்டேன்.

செல்வராணி அடுப்பு முன்னால். ராஜு வாசலில் செருப்புக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தான். நான் சுற்றி வளைக்கவில்லை. "ஏட்டி, அன்னைக்கு நான் சொன்னது கர்த்தர் சொன்னதில்ல. நீ எந்திரிச்சுப் போயிருவியேன்னு நானாச் சொன்னது. மாத்திரயப் போடு" என்றேன்.

அவள் முகத்தில் கோபமே இல்லை. பரிதாபம். கையைக் கழுவிவிட்டு வந்து என் தலையில் கை வைத்தாள். "சித்தி, சத்துரு, அந்தச் சாத்தான், உங்களச் சோதிக்கான். நேத்து சாட்சி சொன்னேம்ல, அதான் அவனுக்குப் பொறுக்கல" என்று எனக்காக ஜெபிக்க ஆரம்பித்துவிட்டாள். நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த அதே பாணியில், அதே ஏற்ற இறக்கத்தில். நேற்று இல்லை, ஞாயிற்றுக்கிழமை என்று திருத்தக்கூட வாய் வரவில்லை.

மாத்திரை போட்டால் விசுவாசம் இல்லை என்று ஆகிவிடுமாம். விசுவாசம் போனால் வலிப்பு வந்துவிடுமாம். இந்தக் கணக்கையும் நான்தான் சொல்லிக்கொடுத்திருப்பேன்.

நான் இறங்கும்போது ராஜு டார்ச் அடித்தான்.

ஜூலை 11, வெள்ளி

கனகுவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். வேறு யாரிடம் சொல்ல? சாப்பாட்டு நேரம், ஒரு மரத்தடி, இரண்டு பேருக்கு ஒரு குடை. அவள் புளிச்சோற்றை மென்றுகொண்டே கேட்டாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"இதுக்கு எதுக்கு இந்தப் பாடு? நீ சொல்லித்தான நிறுத்துனா. நீ சொன்னாத் திங்கப்போறா. மாத்திர போடச் சொல்லி உங்க சாமி சொல்லிட்டாருன்னு கண்ண மூடிச் சொல்லு. முடிஞ்சுது சோலி."

வேலை முடிகிற வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நடக்கும். நிச்சயம் நடக்கும். அவள் பிழைப்பாள், என் பேரும் பிழைக்கும், ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேரும் வருவார்கள். நல்லதுக்குச் சொல்கிற பொய்தானே.

வீட்டுக்கு வரும் வழியில் மனதுக்குள் சொல்லியும் பார்த்துவிட்டேன். "மகளே, மருந்தையும் நானே தந்தேன்." எவ்வளவு லாவகமாக வருகிறது! வந்த லாவகத்தைப் பார்த்துத்தான் பயந்துபோனேன்.

கேரட் வாங்க மறந்தேன்.

ஜூலை 12, சனி

மழை இல்லை. பனி மட்டும். செல்வராணியைப் பாறைப் பக்கம் நிறுத்தவேண்டாம் என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன். ஏன் என்றார். சும்மா என்றேன். கீழ் வரிசைக்கு மாற்றினார். இதுதான் இந்த வாரத்தில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம்.

கனகு சொன்னது இன்னும் காதில். ஆனால் அந்தப் பொய்யைச் சொன்னால் செல்வராணி நாளைக்கும் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். நாளை மறுநாள் நான் தனியாக இருக்கும் ஒரு சாயங்காலத்தில் என் வாய் இன்னொன்றைச் சொல்லும். என்னை எனக்கு இப்போது கொஞ்சம் தெரியும்.

நாளைக்கு எல்லார் முன்னாலும் சொல்லணும். சபைக்குள் சொன்னால் சத்துரு பேசுகிறான் என்று அவளால் சுலபமாகத் தள்ள முடியாது.

சொன்னபிறகு யாரும் வரமாட்டார்கள். அது தெரிந்துதான் எழுதுகிறேன். டீத்தூள் அரைக்கிலோ வாங்கினேன், பழக்கத்தில்.

ஜூலை 13, ஞாயிறு

சொன்னேன்.

சாட்சி நேரத்தில் எழுந்ததும் எல்லார் முகமும் மலர்ந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. நோட்டைக் கொண்டுபோயிருந்தேன். மே 25 பக்கத்தை வாசித்தேன். "எழுந்தாள். வார்த்தை வந்தது. உட்கார்ந்தாள்." அப்புறம் சொன்னேன்: "எனக்கு வீட்ல ஆள் இல்ல. ஆள் போயிருமேன்னுதான் சொன்னேன். செல்வராணி மட்டுமில்ல, உங்கள்ல பலபேருக்கு. மருந்த நிறுத்துனவுக யாராவது இருந்தா, தயவுசெஞ்சு டாக்டரப் பாருங்க."

ஒருத்தர் மூஞ்சியிலும் ஈயாடவில்லை. பாஸ்டர் சட்டென்று பாட்டு ஆரம்பித்தார். கீபோர்டு வேறு ராகத்தில் போனது. செல்வராணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போனாள். ராஜு அவள் பின்னால்.

முடிந்ததும் பாஸ்டர் கையைப் பிடித்தார். மூட்டு வலிக்காரி என்னைத் தாண்டிப் போகும்போது சொன்னாள்: "அப்ப எனக்குச் சொன்னதும் பொய்யா?" எனக்குத் தெரியவில்லை என்றேன். அது உண்மை.

மதியம் ஒருவரும் வரவில்லை. கதவைத் திறந்தே வைத்திருந்தேன். ஈரக் காற்று.

ஐந்து மணிக்கு ராஜு வந்தான். உள்ளே வரவில்லை. படியில் நின்றபடியே சொன்னான். "நாளைக்கு ஆசுத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன் சித்தி. அவளே வாரேன்னுட்டா. உங்க மேல உள்ள கோவத்துல வாரா." ஒரு படி இறங்கித் திரும்பினான். "கோவத்துலயாவது வாராளே" என்றான். போய்விட்டான்.

அழுதேன். சந்தோஷத்திலா என்று கேட்டால் பாதிதான்.

ஜூலை 15, செவ்வாய்

கனகு சொல்லித் தெரிந்தது. டாக்டர் செல்வராணியைச் சத்தம் போட்டாராம். புது மாத்திரை. அவள் என் வரிசைக்கு வரவில்லை. என்னைக் கண்டால் திரும்பிக்கொள்கிறாள்.

சேலைக் கறை போய்விட்டது.

ஜூலை 20, ஞாயிறு

ஆராதனைக்குப் போனேன். கடைசி பெஞ்சு. பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. ஒதுக்கினார்கள் என்று சொல்லமுடியாது, இடம் நிறைய இருந்தது.

ஜென்சி கூப்பிட்டாள். ஏதாவது காட்டினாரா என்றாள். ஒன்றும் காட்டவில்லை, நீ சாப்பிட்டியா என்றேன். சாப்பிட்டேன்மா, வைக்கிறேன் என்றாள். இரண்டு நிமிஷம்.

எண்ணெய் பாட்டிலை எடுத்துத் தலைக்குத் தேய்த்துவிட்டேன். தேங்காய் எண்ணெய்தானே.

சாயங்காலம் முழங்கால். இப்போதும் வார்த்தை ஒன்றும் இல்லை. ஆனால் அன்றைக்குப்போல் பயமில்லை. நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. அப்படியே இருந்தோம். இருந்தோம் என்று எழுதியிருக்கிறேன். அடிக்கவேண்டாம், இருக்கட்டும்.

ஜூலை 24, வியாழன்

மழை. காய்ச்சல் 100. அரிசிக் கஞ்சி. கனகு ஊறுகாய் கொண்டுவந்தாள், பத்து நிமிஷம் வைதுவிட்டுப் போனாள். எழுந்து போகும்போது எனக்கு ஒன்றும் வரவில்லை. அவளிடம் எப்போதுமே வந்ததில்லை. இப்போதுதான் கவனிக்கிறேன்.

ஜூலை 27, ஞாயிறு

மூன்று மணிக்குச் செல்வராணி வந்தாள்.

கூப்பிடவில்லை, தானே வந்தாள். அதே பாயில் உட்கார்ந்தாள். முகம் கொஞ்சம் ஊதியிருந்தது. புது மாத்திரையில் எப்போது பார்த்தாலும் தூக்கமாம். ஜெபம் பண்ணவா என்று நான் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. டீ போட்டேன். சீனி அதிகம் என்றாள்.

"ஒரு மாசத்துக்கு உங்க மூஞ்சில முழிக்கக்கூடாதுன்னுதான் இருந்தேன்" என்றாள். "பதினாலு நாளுதான் முடிஞ்சுது."

பூனை ஒன்று வந்து பார்த்துவிட்டுப் போனது. அரைமணி நேரம் இருந்தாள். பிறகு உலை வைக்கணும் என்று எழுந்தாள்.

வந்தது. அப்படியே, பழைய மாதிரி, நெஞ்சிலிருந்து தொண்டைக்கு. உன் வயிற்றில் ஒரு பிள்ளை என்று. வரிகூடத் தயார். சொன்னால் உட்கார்ந்திருப்பாள். நாக்கைக் கடித்துக்கொண்டேன், நிஜமாகவே கடித்தேன், இன்னும் எரிகிறது.

அவள் செருப்பைத் தேடினாள். நான் வாயைத் திறந்தேன். "மழ வருது. குடய எடுத்துட்டுப் போ" என்றேன்.

எடுத்துக்கொண்டு போனாள். மேல் லயம் திரும்புகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன். நீலக் குடை.

குடையைத் திருப்பித் தர வருவாள் என்றுதான் கொடுத்தேனா? இருக்கலாம். ஆனால் மழை பெய்தது.