எல்லாக் கட்டிலுக்கும் திரை

மார்ச் 4, செவ்வாய்

முதல் வகுப்பு முடிந்தது. நோயாளியின் விஷயம் தேவையில்லாத காதுகளுக்குப் போகாமல் காப்பது எப்படி என்று மருத்துவமனை ஊழியர் அத்தனை பேருக்கும் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. வார்டு வார்டாகச் சுற்றிய நர்ஸுக்கு இதெல்லாம் பெரிய விஷயமா?

போகும்போது லிஃப்டில் இரண்டு பேர் யாருடையதோ ஆபரேஷன் கதையை முழுக்கப் பேசி முடித்தார்கள். அதே இருவர் வகுப்பில் முன்வரிசை. பேசியதை அப்படியே ஒப்பித்துக் காட்டினேன். முகத்தில் ஈயாடவில்லை.

வரவேற்பு மேசையில் இருக்கும் அம்மாளுக்கு 'மைக்' என்று பெயர். "மூலத்துக்கு வந்தவங்க யாரு?" என்று அவர் கேட்டால் தெருவில் போகிறவர்கூடத் திரும்பிப் பார்ப்பார். இனி டோக்கன் எண்ணை மட்டும் கூப்பிடுங்கள், அதையும் மெதுவாக, என்றேன். அப்படியென்றால் தனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம்.

மார்ச் 6, வியாழன்

வெளிநோயாளிகள் வரிசையில் என் நாத்தனார். கையில் பச்சை அட்டை. எந்தப் பிரிவின் அட்டை என்று இங்கே எழுத மாட்டேன். இந்த வீட்டில் எந்த அலமாரிக்கும் பூட்டு கிடையாது.

என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. படிக்கட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். ஒரு வியாழன் விட்டு ஒரு வியாழன் வருகிறாளாம்.

"அண்ணி, இப்பதான் கொஞ்சம் தேறிட்டு வரேன். அம்மாவுக்குத் தெரிஞ்சுதுன்னா இங்க வர்றதையே நிறுத்திடுவேன்."

ஊருக்கே வகுப்பெடுப்பவளிடமா இதைச் சொல்ல வேண்டும்? தட்டிக் கொடுத்து அனுப்பினேன். மாமியார் தலைகீழாக நின்றாலும் என் வாயிலிருந்து ஒரு சொல் வராது.

மார்ச் 11, செவ்வாய்

சொல்லிக் கொடுத்ததைச் செய்கிறார்களா என்று வார்டைச் சுற்றி வந்தேன். செய்கிறார்கள். குரலைத் தாழ்த்துகிறார்கள், திரையை இழுக்கிறார்கள். ஆனால் யாருக்கு? காய்ச்சல், எலும்பு முறிவு என்றால் பழையபடி சத்தமாகவே பேச்சு. 'அந்த மாதிரி' விஷயம் என்று அவர்களுக்குத் தோன்றினால் மட்டும் திரையும் கிசுகிசுப்பும். ஒரு கட்டிலைச் சுற்றித் திரை விழுந்ததுமே வார்டு முழுக்க அந்தப் பக்கம் காதைத் தீட்டிக்கொள்கிறது. கடைசிக் கட்டில் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு மட்டும் ஏம்மா திரை போடுறாங்க? அவ்வளவு மோசமா?"

பாவம், அவருக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. உடனே எல்லோரையும் கூட்டினேன். விரலில் முள் குத்தியவருக்கும் திரை. சளிக்கும் அதே தாழ்ந்த குரல். ஒரு கட்டிலுக்கு மட்டும் திரை போடுவது அந்தக் கட்டிலுக்குத் தண்டோரா போடுவதுதான் என்றேன். பேசியது எனக்கே பிடித்திருந்தது.

மார்ச் 12, புதன்

நாத்தனாரை மருத்துவமனை வாசலில் மாமியாரின் சிநேகிதி ஒருவர் பார்த்துவிட்டாராம். சாப்பிடும்போது மாமியார் என்னிடம் விசாரித்தார். நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அதை மட்டும் என்கிட்ட கேக்காதீங்க அத்தை. சொல்ல மாட்டேன்."

என்ன கம்பீரம்! வீட்டுக்காரர் திருதிருவென்று விழித்தார். மாமியார் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். போகட்டும், கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன்.

மார்ச் 13, வியாழன்

விடிந்ததும் மாமியார் மகளுக்குப் போன் போட்டார். அழுகை, சத்தம், எல்லாம் சமையலறை வரை கேட்டது.

"சளி, காய்ச்சல்னா அவ சொல்லியிருப்பாளே. என் சுகர், உங்கண்ணன் கொழுப்பு எல்லாத்தையும் சாப்பாட்டு நேரத்துல சத்தமா படிக்கிறவ அவ. உன்னைப் பத்தி மட்டும் வாயத் திறக்க மாட்டேங்கிறான்னா என்ன அர்த்தம்?"

அடிப்பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன். முந்தாநாள்தானே வார்டுல அவ்வளவு முழங்கினே? வீட்டுல நீயே ஒரு கட்டிலுக்கு மட்டும் திரை போட்டுட்டு வந்து நிக்கிறியே. 'அதை மட்டும்'னு வேற சொன்னே. மட்டுமாம், மட்டும்.

மார்ச் 20, வியாழன்

வரிசையில் நாத்தனார் இல்லை. போனையும் எடுக்கவில்லை.

கணினியில் தேடினால் வேறு தேதி வாங்கியிருக்கிறாளா என்று நொடியில் தெரிந்துவிடும். தேடவில்லை. அது அவளைப் பார்க்கும் டாக்டருக்கு உரியது, அண்ணிக்கு அல்ல. கை பரபரத்தது, இல்லையென்று சொல்லவில்லை.

நான் கெடுத்தது. நான்தான் சரிசெய்யணும். செய்வேன்.

மார்ச் 22, சனி

மாமியாரின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. வழக்கம்போல் சாப்பாட்டு மேசையில் என்னிடம் நீட்டினார். மனதுக்குள் படித்தேன். அவரை அறைக்குக் கூட்டிப் போய், கதவைச் சாத்தி, அவருக்கு மட்டும் சொன்னேன். திரும்பி வந்ததும் வீட்டுக்காரர் சுகர் எவ்வளவு என்று கேட்டார்.

"அம்மாவையே கேளுங்க."

இனி இந்த வீட்டில் எல்லோருக்கும் இதுதான், உங்கள் கொழுப்பையும் யாருக்கும் சொல்ல மாட்டேன் என்றேன். என் கொழுப்பை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்றார் அவர்.

மாமியார் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மகன் மறுபடி கேட்டதும், அது தன் சமாச்சாரம் என்றார். சொன்ன பிறகு அது அவருக்கே பிடித்துவிட்டது. பாத்திரம் எடுத்து வைக்கும்போது யாரும் கேட்காமலே இன்னொரு முறை சொன்னார்.

மார்ச் 23, ஞாயிறு

எனக்குத் தலைவலி. மாத்திரை எதற்கு என்று கேட்டார்கள். சொல்லவில்லை.

மார்ச் 28, வெள்ளி

மதியம் மாமியார் என் அறைக்கு வந்தார். கதவை அவரே சாத்தினார். ஒன்றைக் காட்டினார். என்ன, எங்கே என்று எழுதப்போவதில்லை. மாதக்கணக்காக அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்றேன்.

"உன்கிட்ட சொன்னா சாப்பாட்டு மேசைக்கு வந்துடுமேம்மா."

அழுகை வந்தது. அழ நேரமில்லை. டாக்டரைக் கூப்பிட்டு, திங்கட்கிழமைக்கு நேரம் வாங்கினேன்.

மாமியார் கட்டிலில் உட்கார்ந்தார். அங்கிருந்தே மகளுக்குப் போன் போட்டார். "நீ எதுக்குப் போனேன்னு இனிமே கேக்க மாட்டேன். போறதை மட்டும் விட்டுடாதே" என்றார். குரல் நடுங்கியது. காரணம் எனக்குத் தெரியும், மகளுக்குத் தெரியாது.

மார்ச் 31, திங்கள்

போனோம். மைக் அம்மாள் எண்ணை மட்டும் கூப்பிட்டார், அதுவும் அடக்கமாக. கூட வந்திருப்பது என் மாமியார் என்று தெரிந்தும் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் கால் சுளுக்கு. அவருக்கும் திரை, எங்களுக்கும் திரை. மாமியார் என் கையைப் பிடித்த பிடியை விடவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

வரிசையில் பச்சை அட்டையோடு நாத்தனார். பார்க்காத மாதிரி போகப் பார்த்தேன். அவளே கூப்பிட்டாள்.

"என்ன அண்ணி ஆஸ்பத்திரி இது, டோக்கன் நகரவே மாட்டேங்குது."

இவ்வளவு இனிமையான புகாரை நான் கேட்டதில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

மாமியாரின் முடிவு வந்தது. அறையில் இருவரும் சேர்ந்து படித்தோம். நல்ல வேளை, நேரத்தோடு வந்தீர்கள் என்று டாக்டர் போனில் சொன்னார். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதும் தெளிவாகிவிட்டது. அதற்கு மேல் இங்கேயும் எழுத மாட்டேன்.

மகனிடமும் மகளிடமும் தானே சொல்வதாகவும், தனக்குத் தோன்றும்போது சொல்வதாகவும் மாமியார் சொன்னார். முகம் கழுவிக்கொண்டு சாப்பிட வந்தோம். வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அம்மாவுக்கு என்னவாம்?"

"அம்மாவையே கேளுங்க."

"சுகர் ஏறியிருக்கும், வேறென்ன" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். மாமியார் என் தட்டில் கேட்காமலே இன்னொரு கரண்டி சாதம் வைத்தார்.