மீமிசல் உப்பு தின்ற போர்டு

கறம்பக்குடி
வியாழக்கிழமை

அன்பு மகள் வைஷ்ணவிக்கு,

நானும் அப்பாவும் நலம். நம் ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரும் இந்த வரி அடிக்கும் வரை நலம். டப்ளினில் மழை விட்டதா, உன் சளி விட்டதா, இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் எழுது. கடிதம் நீளமாக வருவதற்குப் பாசம் மட்டும் காரணம் இல்லை. கம்ப்யூட்டருக்குள் இப்போது மாற்றியிருக்கும் மதர்போர்டைப் பாரம் கட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். வண்டி மாடு வாங்குகிறவர்கள் மணல் மூட்டை ஏற்றி ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுப்பார்களாம். கம்ப்யூட்டருக்கு மணல் மூட்டை எது என்று கேட்டார். டைப் அடிப்பதுதான் என்று சொல்லி வைத்தேன். அதனால் தினம் இரண்டு மணி நேரம் அடிக்கிறேன். அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, பெட்டியின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு, புறங்கையால் சூடு பார்க்கிறார். வேகமாக அடித்தால் 'மெதுவா, மூச்சு வாங்குது பாரு' என்கிறார். அது காற்றாடிச் சத்தம். சொன்னால் கேட்கவில்லை.

போன வருஷம் ஜூனில் நடந்ததை நான் உனக்கு முழுதாகச் சொல்லவில்லை. போர்டு போய்விட்டது என்று மட்டும் சொன்னேன். போன நேரத்தைச் சொல்லவில்லை. மாலை நாலு நாற்பது. கால்நடை மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள், ஐந்து மணியோடு முடிகிறது. எதிரே உட்கார்ந்திருந்தது ரஞ்சிதா. அரிசி ஆலைக்குப் பின்னால் குடியிருக்கும் மருதாயியின் மகள், உனக்குத் தெரியும். அவள் சான்றிதழ், போட்டோ, கையெழுத்து எல்லாம் நம் கம்ப்யூட்டரில் ஏற்றியாகிவிட்டது. கடைசிப் பக்கம். சின்னதாக ஒரு 'டப்'. திரை கறுத்தது. அவள் எழுந்து பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இன்னொரு கடைக்கு ஓடினாள். அங்கே வரிசை. ஐந்து மணி ஆகிவிட்டது. மதிப்பெண் இருந்தும் ஒரு வருஷம் போயிற்று. பிடிக்காத ஏதோ ஒரு படிப்பில் சேர்ந்து புதுக்கோட்டைக்கு பஸ் ஏறிப் போய் வருகிறாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றைக்கும் ஜெராக்ஸ் எடுக்க நம் கடைக்கே வருகிறாள், 'நல்லா இருக்கீங்களா அத்தை' என்று கேட்கிறாள். திட்டியிருந்தால் நான் தூங்கியிருப்பேன். இந்த வருஷம் மறுபடி விண்ணப்பிக்கிறாள். சீக்கிரம் வா என்றால், 'சனிக்கிழமைதான் லீவு, வாரேன் அத்தை' என்றாள். சனிக்கிழமைதான் கடைசி நாள். நாளை மறுநாள். இந்தப் பெட்டி அன்று ஐந்து மணி வரை நிற்க வேண்டும். எனக்கு வேறு வேண்டுதல் இல்லை.

வாரண்டியில் மாற்றித் தந்த போர்டும் அதே ரகம்தான் என்று எழுதியிருந்தேன் அல்லவா. செத்த மாட்டுக்கு ஈடாக அதன் கூடப்பிறந்ததைக் கொடுத்திருக்கிறார்கள் என்று அப்பா அன்றே சொன்னார். மார்ச்சில் அது தானாக அணைந்து தானாக எழ ஆரம்பித்தது. அப்போது எந்தப் போர்டு வாங்கலாம் என்று இரண்டு ரகம் குறித்து நீ அனுப்பிய பதினோரு பக்கத்தையும் பிரிண்ட் எடுத்து அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். விலை குறைந்த போர்டில் எங்கே மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ப்ராசசருக்கு மின்சாரம் போகிற இடத்தில் சூட்டை இறக்கும் உலோகத் தகடு இருக்கிறதா. கெப்பாசிட்டர் தலை தட்டையாக இருக்கிறதா, உப்பியிருக்கிறதா. வாங்கிய வாரமே எழுதும் பாராட்டை நம்பாதே, மூன்று நட்சத்திரம் கொடுத்தவர் எழுதியதைப் படி. அப்பா கண்ணை மூடிக் கேட்டார். முப்பது வருஷமாக மாட்டுத் தரகு பார்க்கிறவர். 'எம் மக சரியாத்தான் சொல்லியிருக்கு. ஆனா இதெல்லாம் ஜாதகம். மாட்ட நேர்ல பாக்கணும்ல' என்றார்.

பார்த்தார். புதுக்கோட்டையில் நல்லதம்பியின் உதிரிபாகக் கடை. நீ சொன்ன இரண்டு ரகங்களையும் வெயிலுக்குக் கொண்டுவரச் சொல்லி, புரட்டி, முகர்ந்து, கடைசியில் சந்தையில் கேட்கிற கேள்வியையே கேட்டார். நல்லது என்றால் ஏன் விற்கிறீர்கள்? நல்லதம்பி சிரித்து, 'அண்ணே, இது கடை. விக்கத்தான் வச்சிருக்கேன்' என்றார். 'அதான் கேக்குறேன். நல்லதா இருந்தா நீங்களே வச்சுக்கலாம்ல?' அப்பா கல்லாவுக்குப் பின்னால் போய் நல்லதம்பி பில் போடுகிற கம்ப்யூட்டரைத் திறந்து காட்டச் சொன்னார். உள்ளே இருந்தது மூன்றாவது ஒரு ரகம். 'தன் வீட்டுல கட்டாத மாட்ட என் தலையில கட்டுறாரு' என்று என் காதில் சொன்னார், கடை முழுக்கக் கேட்டது. நான் பிடிவாதமாக நீ முதலில் சொன்னதை வாங்கினேன். அதை மாட்ட அப்பா விடவில்லை. மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு மொபெட்டில் கிளம்பிவிட்டார். குன்றாண்டார்கோவில் போட்டோ ஸ்டூடியோவில் தொடங்கி கடற்கரை வரைக்கும், கம்ப்யூட்டர் வைத்திருக்கிற இடமெல்லாம் போய், உங்களுடையது எத்தனை வருஷமாக ஓடுகிறது, என்ன நோய் வந்தது என்று விசாரித்தார். நாற்பத்தொரு கம்ப்யூட்டர். ஒரு நோட்டில் வயசு, சூடு, சத்தம், குணம் என்று கோடு போட்டு எழுதியிருக்கிறார். குணத்தில் சிலதுக்கு 'சாது'. சிலதுக்கு 'படுத்துக்கொள்ளும்'. ஒரு பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டருக்கு 'முட்டும்' என்று எழுதியிருக்கிறார். எப்படி என்று நான் கேட்கவில்லை.

கடைசியாக மீமிசல். மீன் ஏலம் போடும் இடத்துக்குப் பக்கத்தில் ஓர் ஐஸ் கம்பெனி, மேனேஜர் பெயர் முத்துராமன். ஒன்பது வருஷமாக அங்கே ஒரே கம்ப்யூட்டர். உப்புக்காற்றில் மேசையின் இரும்புக் காலே துருப்பிடித்து உதிர்ந்துவிட்டதாம், செங்கல் வைத்து முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மேலே கம்ப்யூட்டர் பாட்டுக்கு ஓடுகிறது. திறந்தால் போர்டின் ஓரமெல்லாம் உப்புப் பூத்து, நடுவில் இரண்டு பல்லி முட்டை ஓடு. அப்பா என்னைப் போனில் கூப்பிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: 'மணி, பல்லியே நம்பி முட்டை விட்டிருக்கு.' ஆட்டம் இல்லாத, சூடு அணையாத இடமாகப் பார்த்துத்தான் பல்லி முட்டை வைக்குமாம். இதற்கு மேல் ஒரு சான்றிதழ் உண்டா என்றார்.

வாங்க வந்தவர் ஆசையைக் காட்டக் கூடாது என்பது தரகு முறை. எனவே அரை மணி நேரம் அந்தப் போர்டைப் பழித்திருக்கிறார். விற்கிற எண்ணமே இல்லாத முத்துராமன் பயந்துபோய், 'இம்புட்டு மோசம்னா தூக்கிப் போட்டுடவாங்க' என்று கேட்டாராம். அப்பா பதறி, தோள் துண்டை உதறி அவர் கை மேல் போட்டு, அடியில் விரலைப் பிடித்தார். சந்தையில் விலை பேசுவது அப்படித்தான், விரல் கணக்கு, அடுத்தவருக்குத் தெரியாது. முத்துராமனுக்கும் தெரியவில்லை. நாடி பிடிக்கிறார் என்று நினைத்து, 'சுகர் இருக்குங்க' என்றிருக்கிறார். முடிவில் பேச்சு இப்படிப் படிந்தது: நம் புதுப் போர்டும் நம் ப்ராசசரும் அவருக்கு, அவருடைய உப்புப் போர்டும் அதோடு பழகிய ப்ராசசரும் நமக்கு. ஜோடி மாட்டைப் பிரிக்கக் கூடாதாம். புதியதைக் கொடுத்துப் பழையதை வாங்கி வந்த மனிதரோடு நான் இரண்டு நாள் பேசவில்லை. அவர் அதைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார். முத்துராமன் தினம் போன் செய்கிறார். 'உண்மையச் சொல்லுங்க, அதுக்குள்ள என்னங்க இருந்துச்சு?' இப்போது நான் அடிக்கிற இந்த எழுத்தெல்லாம் அந்தப் போர்டில்தான் விழுகிறது. மணி ஐந்தாகிறது, பாரம் இறக்கச் சொல்கிறார். நிறுத்துகிறேன்.

சனிக்கிழமை, மாலை ஆறு.

ரஞ்சிதா மூன்று மணிக்கு வந்தாள். அப்பா சந்தைக்குப் போகவில்லை. காலையிலேயே கடையைக் கூட்டி, பெட்டிக்கு ஒரு மேசை ஃபேன், அவளுக்கு ஒரு மேசை ஃபேன் வைத்து, ஜெராக்ஸுக்கு வந்தவர்களையெல்லாம் அங்கிட்டுப் போங்க என்று அனுப்பிவிட்டார். நான் பக்கத்தைத் திறந்தேன். அவள் போன் நம்பரை அடித்தேன். சிவப்பு எழுத்தில் வந்தது: இந்த எண்ணில் ஏற்கனவே விண்ணப்பம் பதிவாகியுள்ளது. மறுபடி அடித்தேன். அதே சிவப்பு. அணைத்துப் போட்டேன். அதே சிவப்பு. போர்டு போன வருஷத்தையும் இந்த வருஷத்தையும் குழப்பிக்கொள்கிறது என்றே நினைத்துவிட்டேன். இத்தனை வருஷம் கடை நடத்துகிறவள் நினைக்கிற நினைப்பா அது. அப்பா முத்துராமனுக்குப் போன் போட்டு, 'உங்ககிட்ட இருந்தப்ப இது பொய் சொல்லுமா?' என்று கேட்டார். இல்லைங்க, ஒரு நாளும் ஐஸ் எடையை மாற்றிக் காட்டியதில்லை என்று அவர் சத்தியம் செய்தார். நாலு இருபது.

ரஞ்சிதா என் கை மேல் கை வைத்தாள். 'அத்தை, பொட்டி மேல தப்பு இல்ல. விண்ணப்பம் தொறந்த மொத நாளே நான் வீட்டுல ஒக்காந்து போன்ல போட்டுட்டேன்.'

பின் ஏன் வந்தாய் என்று கேட்டேன். பிரிண்ட் எடுத்துக்கொண்டு போகலாம் என்றுதான் வந்தாளாம். நம் கடைக்கு வராமலே போட்டுவிட்டாள் என்று வேறு யார் மூலமாவது தெரிந்தால் நான் சங்கடப்படுவேன், தானே சொல்லிவிடலாம் என்று நினைத்தாளாம். உள்ளே வந்து இரண்டு ஃபேனைப் பார்த்ததும் சொல்ல வாய் வரவில்லையாம். அப்பா பெட்டியின் மூடியை எடுத்து மாட்டினார். நாலு திருகாணியையும் இறுக்கினார். பிறகு, 'நாந்தான் ஊரெல்லாம் சுத்துனேன். தரம் பாக்கத் தெரிஞ்ச ஆளு இந்தப் புள்ளதான்' என்றார். எனக்கு வலித்தது, வைஷ்ணவி. அவள் செய்தது முழுக்கச் சரி என்பதால் கூடுதலாக வலித்தது. பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். வாசல் வரை போனவள் திரும்பி வந்து, 'உங்க கம்ப்யூட்டர்லயும் ஒண்ணு வச்சுக்கங்க அத்தை. எம் போன் பழசு, எப்பப் போவும்னு தெரியாது' என்றாள். அவள் பெயரிலேயே ஒரு ஃபோல்டர் போட்டு வைத்தேன். வைக்கும்போது, சூடு பார்க்கக் கை நீட்டிய அப்பாவைத் தள்ளி உட்காரச் சொன்னேன்.

அவளிடம் கேட்டுக்கொண்டு, அந்தக் கோப்பை இத்துடன் உனக்கும் அனுப்புகிறேன். திறந்து படிக்க வேண்டாம். பத்திரமாக இருக்கட்டும், அவ்வளவுதான். வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. கை கால் சுகத்தோடு, நினைத்த காரியம் கைகூடி, நாலு பேர் நம்பி வந்து உட்காருகிற ஆளாக நீ இருக்க வேண்டும், அதுதான் எங்கள் இரண்டு பேர் ஆசியும். தரவரிசைப் பட்டியல் பதினேழாம் தேதி வருகிறது. அன்று காலையில் எனக்குப் போன் செய்யாதே. பட்டியலைப் பார்க்க நம் கடைக்குத்தான் வருகிறேன் என்று ரஞ்சிதா சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஆ. மணிமேகலை