இரண்டாவது காய்ச்சல்

இன்று பரிசோதனை அறையில் சாயப்புட்டி கவிழ்ந்து என் வெள்ளைப் புடவை ஊதாவாகிவிட்டது. தோழி, நீ இருந்திருந்தால், "உடு புள்ள, இப்பத்தான் பாக்கற மாதிரி இருக்கு" என்றிருப்பாய். நினைத்துச் சிரித்தேன். நீ இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது, அழுகையும் வந்துவிட்டது.

சேந்தமங்கலத்து ஆஸ்பத்திரியில் நாம் இருவரும் டாக்டர்களாக இருந்த யுத்தகாலம். மலையடிவாரம் முழுக்க ஃப்ளூ. பெரும்பாலோர் தாமாகவே தேறிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் ஒரு குடியானவர் தம் மனைவியை மாட்டுவண்டியில் கொண்டுவந்தார். அவளுக்கு மூச்சு இரைத்தது, உதடு நீலம் பாரித்திருந்தது. "காச்சல் உடவே இல்லைங்க டாக்டரம்மா" என்பதையே அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். ஃப்ளூ முற்றிவிட்டது, அதற்கு மருந்தில்லை என்று நான் கையை விரித்தேன்.

நீ மட்டும் குனிந்து அவள் தலையை மோந்து பார்த்தாய். அரப்பு வாசனை! காய்ச்சல் விட்டால்தானே நம் பக்கம் அரப்பு தேய்த்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள்? "ஏனுங்க, நடுவால காச்சல் உட்டிருந்துதுங்களா?" என்று கேட்டாய். அவர் தரையைப் பார்த்தபடி, "காச்சல் உடவே இல்லைங்க" என்றார் மறுபடியும்.

கேட்டுக்கொண்டு நிற்க உனக்கு ஏது பொறுமை? செங்கல் நிறத்தில் இருந்த சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாய். "ஏ புள்ள, ஓடியா. ரெட்ட ரெட்டையா நிக்குது பாரு!" ஓடிவந்து பார்த்தேன். ஊதா நிறத்தில், ஜோடி ஜோடியாக, வட்டம் முழுக்க நிமோனியாக் கிருமி. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஃப்ளூவின் வைரஸ் நம் கருவிக்கு அகப்படாது. அது புண்ணாக்கிவிட்டுப் போன நுரையீரலில் இது குடியேறியிருக்கிறது. முதலாவதற்குத்தான் மருந்தில்லை. இரண்டாவதற்கு, புதிதாக வந்த சல்ஃபா மாத்திரை நம் அலமாரியிலேயே இருந்தது.

முதல் மாத்திரையை அவள் விழுங்கியதும் நீ அந்த மனிதரைக் கூப்பிட்டுக் கருவியில் பார்க்கச் சொன்னாய். "இதுங்க பண்ணுன வேலைங்க. நீங்க ஊத்துன தண்ணி இல்லைங்க."

வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது அவருடைய முகம் நனைந்திருந்தது. "காச்சல் உட்டு நல்லாத்தான் இருந்தாளுங்க. கடலக்காட்டுல ஆளில்லீன்னு நாந்தான் சீக்கிரமாத் தண்ணி ஊத்தச் சொன்னனுங்க. நானே கொன்னுபோட்டன்னு நெனச்சுட்டு இருந்தனுங்க."

அவள் பிழைத்தாள். அவள் கஞ்சி கேட்டாள் என்று நர்ஸ் வந்து சொன்னபோது வராந்தாவில் நீ என்னைத் தட்டாமாலை சுற்றியதில் என் மூக்குக்கண்ணாடி பறந்துபோனது.

இப்போதெல்லாம் காய்ச்சல் விட்டு மறுபடி வந்ததா என்று நான் எடுத்த எடுப்பில் கேட்பதில்லை. "உங்க மேல ஒரு தப்பும் இல்லைங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கேட்கிறேன். நேற்று ஒரு தாய், நான் அதைச் சொன்னவுடனே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவளுடைய பிள்ளை இப்போது வார்டே அதிரும்படி அழுதுகொண்டிருக்கிறான். நேற்று அவனுக்கு அழக்கூட மூச்சில்லை.