ஸ்கேன் அறையில் நீ அடித்தவர்

தம்பி,

சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது.

நேற்று ஸ்கேன் அறையில் நீ அடித்த டெக்னீஷியனுக்கு முன்பற்கள் இரண்டும் போய்விட்டன. தலையைப் பிடித்துச் சுவரில் மோதினாயே, காதிலும் ரத்தமாம். அவர் வேண்டுமென்று இழுத்தடிக்கவில்லைடா. அப்பாவுக்கு ஏற்கெனவே கிட்னி பலவீனம். படம் தெளிவாகத் தெரிய ஊசியில் ஏற்றும் மருந்து அதை இன்னும் கெடுக்கலாம். அதனால்தான் ரத்தப் பரிசோதனை வரட்டும், முதலில் சலைன் ஏற்றுவோம் என்றார். நீ காதில் வாங்கவேயில்லை.

இன்று அப்படிச் செய்துதான் ஸ்கேன் எடுத்தார்கள். சிறுநீர் நன்றாகப் போகிறது.

“அவன் யாரைம்மா அடிச்சான்?” என்று அப்பா கேட்டார்.

“உங்க கிட்னியப் பத்திக் கவலைப்பட்டவரை” என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

போலீஸ் கேட்டார்கள். பார்த்ததைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அக்கா

உன் கை வீங்கியிருக்கும், ஃப்ரிட்ஜில் ஐஸ் இருக்கிறது. வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நீயாகவே வா. அங்கே வாசலில் நிற்கிறேன்.